ஷர்ட், டர்ட், ஹர்ட்: ஆங்கில ரைமைக் காதால் பிடிப்பதும் பனியனில் அச்சிடுவதும்

ஆங்கிலத்தில் ‘ஷர்ட்’ என்று எழுத ஐ, ஆர் வேண்டும். ‘ஹர்ட்’ என்பதற்கு யூ, ஆர். ‘அலர்ட்’ என்பதற்கு இ, ஆர். மூன்றிலும் உயிரெழுத்து வேறு வேறு, காதில் விழும் ஒலியோ ஒன்றுதான். ஆகவே மூன்றும் ரைம். இப்போது ‘பிரின்ட்’ என்ற சொல்லை எடுத்து அதிலிருந்து ஆர் என்ற ஓர் எழுத்தை மட்டும் நீக்குங்கள். மிஞ்சுவது பி-ஐ-என்-டி. ‘பின்ட்’ என்று படிக்கத்தான் வாய் போகும். சரியான உச்சரிப்பு ‘பைன்ட்’. பிரின்ட்டுக்கு ஹின்ட், மின்ட், டின்ட் என்று ஜோடிகள் குவிந்து கிடக்கின்றன. பைன்ட்டுக்கு அன்றாட வழக்கில் ஒரு ஜோடிகூட இல்லை.

பனியனில் அச்சிட நாலு சொல்லில் ஓர் ஆங்கில வரி எழுத உட்காருபவர் முதலில் இடறுவது இங்கேதான். எழுத்தைப் பார்த்து ரைம் என்று முடிவு செய்துவிடுகிறார். ஆயிரம் சட்டையில் அச்சான பிறகுதான் யாரோ ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறார்.

ரைம் என்றால் சரியாக என்ன?

தமிழில் எதுகை இரண்டாம் எழுத்திலும் மோனை முதல் எழுத்திலும் அமையும். அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதற்கு இயைபு என்று பெயர். பேச்சில் எல்லாவற்றையும் ‘எதுகை மோனை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆங்கில ரைமுக்கு நெருங்கிய சொந்தம் இயைபுதான். சொந்தம்தான், இரட்டைப் பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. ‘வந்தான்’, ‘சென்றான்’ என்று இரண்டு அடிகள் முடிந்தால் ‘ஆன்’ ஒன்றினாலே நம் காது நிறைந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ‘பிரின்டிங்’, ‘வாஷிங்’ இரண்டையும் ரைம் என்று எழுதுகிறோம். ஆங்கிலக் காது இதை ஏற்காது.

ஆங்கில ரைமுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலி இரண்டு சொல்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்குப் பின்னால் வரும் ஒலிகள் அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

பிரின்டிங் என்பதில் அழுத்தம் ‘பிரின்’ மேல் விழுகிறது. ஆகவே ‘இன்டிங்’ முழுவதும் பொருந்த வேண்டும். ஹின்டிங், ஸ்குவின்டிங் பொருந்தும், வாஷிங் பொருந்தாது. வாஷிங்குக்கு ஜோடி ஸ்குவாஷிங். மூன்றாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுதுவதற்கு ஒரு ‘ரைட்’, சரி என்பதற்கு ஒரு ‘ரைட்’. ஒலி முழுக்க ஒன்று, முன்மெய்கூட மாறவில்லை. இதைக் கேட்பவர் ரைமாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஒரே சொல் இருமுறை வந்ததாகவே நினைப்பார்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். ‘டெஸர்ட்’ என்று நாம் ஒரே மாதிரி சொல்லும் இரண்டு சொற்களைப் பாருங்கள். பாலைவனம் என்பதற்கு ஒரு எஸ், அழுத்தம் முதல் அசையில். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டு எஸ், அழுத்தம் இரண்டாம் அசையில். இனிப்பு ஷர்ட்டுடன் ரைம் ஆகும். பாலைவனம் ஆகாது, ஏனென்றால் அதன் கடைசி அசை மங்கி, பாதி விழுங்கப்பட்டு ஒலிக்கிறது. எக்ஸ்பர்ட், கான்ஸர்ட் இரண்டும் பாலைவனத்தின் கட்சி. அலர்ட் இனிப்பின் கட்சி. ‘கன்வர்ட்’ வினைச்சொல்லானால் பின்னசையில் அழுத்தம் பெற்று ஷர்ட்டுடன் சேரும். மதம் மாறியவர் என்ற பெயர்ச்சொல்லானால் முன்னசைக்குப் போய்விடும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தச் சொல்லைத் தெருக்கோடியில் நிற்பவருக்குக் கூவிச் சொல்வதுபோல் இழுத்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் நன்றாகப் பழகியவர் வாயில் எந்த அசை நீள்கிறதோ அங்கேதான் அழுத்தம். பழக்கம் இல்லாவிட்டால் அகராதியைத் திறங்கள். ஒலிக்குறிப்பில் ஓர் அசைக்கு முன்னால், மேல்பக்கம் சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதையடுத்து வருவதுதான் அழுத்தமான அசை. கீழ்ப்பக்கம் கோடு இருந்தால் அது துணை அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்பதில் கோடு முதல் அசைக்கு முன்னும், ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாவதற்கு முன்னும், ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவதற்கு முன்னும் நிற்கும். ஒரே குடும்பச் சொற்களிலேயே இப்படி இடம் பெயரும் என்பதால் ஊகிப்பது ஆபத்து.

‘டீ ஷர்ட்’ என்ற சொல்லிலேயே முதன்மை அழுத்தம் ‘டீ’ மேல்தான், ‘ஷர்ட்’டுக்குத் துணை அழுத்தம்தான். ஆனாலும் அதை ஹர்ட், டர்ட் போன்றவற்றுடன் சேர்த்தால் காது பொறுத்துக்கொள்ளும். துணை அழுத்தம் பெற்ற அசை முழுதாக மங்கிவிடுவதில்லை.

உடுப்புச் சொற்களில் எது எதோடு சேரும்?

துணி சம்பந்தமான வரி எழுதுபவருக்கு அடிக்கடி தேவைப்படும் சொற்களில்தான் வழுக்கல் அதிகம். தைத்தல் என்பதற்கான சொல் எஸ்-இ-டபிள்யூ. நியூ, ஃபியூ எல்லாம் அதே முடிவெழுத்துகள் என்பதால் ‘ஸ்யூ’ என்று படிக்கிறார்கள். சரியானது ‘ஸோ’. கோ, ஷோ, ஸ்னோ இதன் ஜோடிகள். தைப்பவர் என்பதற்கு இதோடு இ-ஆர் சேர்த்தால் ‘ஸோவர்’. அதே எழுத்துகளில் ‘ஸூவர்’ என்றால் சாக்கடைக் குழாய். தையற்காரரைப் பெருமைப்படுத்தும் வரியில் இந்தச் சொல்லை வைக்கவே வேண்டாம். ‘டெய்லர்’ என்று போடுங்கள். அதற்கு ‘ஸெய்லர்’ என்று அழகான ஜோடியும் இருக்கிறது.

கம்பளிக்கான சொல்லில் இரண்டு ஓ இருந்தாலும் ஒலி குறில். ‘வுல்’ என்பது புல், ஃபுல் ஆகியவற்றுடன் சேரும், கூல், ஸ்கூல் ஆகியவற்றுடன் சேராது. குறில் நெடில் பேதம் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு இது பெரிய பலம், தயங்காமல் பயன்படுத்துங்கள். கையுறை ‘க்ளவ்’. அது லவ், அபவ் பக்கம் நிற்கும். ஸ்டோவ் பக்கமும் போகாது, மூவ் பக்கமும் போகாது. இந்த ஐந்தும் எழுத்தில் ஓ-வி-இ என்றே முடிகின்றன.

உடைகள் என்ற பொருளில் வரும் சொல்லை ‘க்ளோத்தஸ்’ என்று ஈரசையாகச் சொல்வது இங்கே பரவலான தவறு. அது ஓரசைச் சொல். சாதாரணப் பேச்சில், கதவை மூடு என்னும் ‘க்ளோஸ்’ போலவே ஒலிக்கும். ஆகவே நோஸ், ரோஸ் ஆகியவற்றுடன் சேரும். ‘வேர்’ (உடுத்து) என்பதும் ‘ஹியர்’ (கேள்) என்பதும் முதலெழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன, இருந்தும் ரைம் இல்லை. வேர் சேர்வது ஷேர், கேர், பேர் ஆகியவற்றுடன். டி-இ-ஏ-ஆர் என்று எழுதும் சொல் இரண்டு பக்கமும் போகும். சட்டை கிழிந்தால் ‘டேர்’, கண்ணீர் வந்தால் ‘டியர்’.

டபிள்யூ என்ற எழுத்து தனக்குப் பின்னால் வரும் உயிரை வளைத்துவிடும். டபிள்யூவுக்குப் பின் ஏ-ஆர் வந்தால் அது ‘ஓர்’ போல ஒலிக்கும். வெதுவெதுப்பைக் குறிக்கும் வார்ம் என்பது ஸ்டார்முடன் (புயல்) சேரும். தமிழில் படிவத்தையும் ‘ஃபார்ம்’ என்று எழுதுகிறோம், பண்ணையையும் ‘ஃபார்ம்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை வேறு ஒலிகள். வார்ம் படிவத்தோடு சேரும், பண்ணையோடு சேராது. டபிள்யூவுக்குப் பின் ஓ-ஆர் வந்தால் ஷர்ட்டில் உள்ள அதே ‘அர்’ ஒலி. வர்ட் (சொல்) பர்டுடன் (பறவை) சேரும், லார்டுடன் சேராது. வர்க் ஷர்க்குடன் சேரும், ஃபோர்க்குடன் சேராது. விதிவிலக்கு ஒன்று உடுப்பிலேயே உண்டு. உடுத்தினான், உடுத்திய என்னும் ‘வோர்’, ‘வோர்ன்’ இரண்டும் மோர், போர்ன் ஆகியவற்றுடன்தான் போகும்.

சிக்கல் தராதவையும் இருக்கின்றன. காட்டனுக்கு ராட்டன், ஃபர்காட்டன். பட்டனுக்கு மட்டன். காலருக்கு டாலர். ஸ்லீவுக்கு லீவ், பிலீவ். ஸில்க்குக்கு மில்க். தொடங்குபவர் இவற்றில் தொடங்கலாம்.

ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ரைம் ஆவது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் பிறந்தவை. ஷர்ட் பழைய ஆங்கிலத்தின் வழியாக நேரே வந்தது. ஸ்கர்ட் வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழி வழியாக வந்தது, அங்கே அதற்கும் சட்டை என்றே பொருள். ‘ஷார்ட்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். நம் பனியனுக்கும் ஒரு பயணம் உண்டு. வணிகன் என்பதோடு உறவுள்ள குஜராத்திச் சொல் ஒன்று ஐரோப்பியர் வாயில் ‘பன்யன்’ ஆகி, இந்தியப் பாணித் தளர்ந்த மேலுடைக்கும் பெயராகி, நம்மிடம் பனியனாக வந்து சேர்ந்தது.

தமிழ் நாக்கு எங்கே இடறும்?

தமிழ்ச் சொற்கள் க், ட், த், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே ஆங்கிலச் சொல் அப்படி முடியும்போது நாக்கு தானாக ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறது. ஷர்ட் ‘ஷர்ட்டு’ ஆகிறது, பேக் ‘பேக்கு’ ஆகிறது. இது ரைமை உடைக்காது. தாளத்தை உடைக்கும். ‘வேர் த ஷர்ட், ஷேக் த டர்ட்’ என்று ஒரு வரி எழுதினால், உடுத்து, தூசியைத் தட்டு என்று பொருள். ஆங்கில வாயில் இரண்டு பாதியும் மும்மூன்று அசை, அளவு சமம். நம் வாயில் ‘வேர் த ஷர்ட்டு’ நான்கு அசை, ‘ஷேக்கு த டர்ட்டு’ ஐந்து அசை. எழுதியவருக்கு வரி நொண்டுவதுபோல் தோன்றும், நல்ல வரியைக் கிழித்துப் போட்டுவிடுவார். மாறாக, உகரம் சேர்த்துச் சமமாகக் கேட்ட வரி ஆங்கிலம் பேசுபவருக்கு நொண்டும். திருத்த ஒரு பயிற்சி உண்டு. ‘ட்’ சொல்லும்போது நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டியதும் அப்படியே நிறுத்துங்கள், நாக்கை எடுக்காதீர்கள். அந்த மூடிய நிலையிலேயே சொல் முடிந்துவிட்டது.

அடுத்த இடறல் கடைசி ‘ஸ்’. அரிசி ‘ரைஸ்’, எழு ‘ரைஸ்’ என்று தமிழில் ஒன்றாக எழுதினாலும் அரிசியில் வெறும் காற்று, எழுவதில் தேனீ ரீங்காரம். தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், ரீங்காரம் உள்ளது அதிரும். விலையைக் குறிக்கும் ப்ரைஸ் அரிசியின் ஜோடி. பரிசைக் குறிக்கும் ப்ரைஸ் எழுவதன் ஜோடி. இந்தப் பேதம் தெரியாததால் எழுத்துப்பிழையும் வருகிறது. ‘இழக்காதே’ என்ற வரியில் தொளதொள என்று பொருள்படும் சொல்லை, அதாவது இரண்டு ஓ போட்டதை, அச்சிட்ட சட்டைகள் ஏராளம். ரைம் சோதனை போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். தொளதொள ‘லூஸ்’ வாத்தைக் குறிக்கும் கூஸுடன் சேரும், வெறும் காற்றில் முடியும், இரண்டு ஓ. இழத்தலின் ‘லூஸ்’ தேர்ந்தெடுத்தலின் சூஸுடன் சேரும், ரீங்காரத்தில் முடியும், ஒரே ஓ. அதுபோல அட்வைஸ் பெயர்ச்சொல்லானால் சி எழுத்து, ஐஸுடன் ரைம். வினைச்சொல்லானால் எஸ் எழுத்து, கண்கள் என்னும் ‘ஐஸ்’ உடன் ரைம்.

இறந்தகால ‘இ-டி’ மூன்று விதமாக ஒலிக்கும். வாஷ்ட் என்பதில் ‘ட்’, ப்ளேய்ட் என்பதில் மென்மையான அதிர்வுள்ள ‘ட்’, பிரின்டட் என்பதில் மட்டும் தனி அசை. வினைச்சொல் டி அல்லது டீ ஒலியில் முடிந்தால்தான் தனி அசை வரும். ‘வாஷ்டு’, ‘வாக்கடு’ என்று படித்துக்கொண்டு எழுதினால் அசைக் கணக்கு தப்பும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் ஏன் இந்தப் பகை?

அச்சு ஒரு காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் திறந்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் இறுகியது. ஆனால் அதே நூற்றாண்டுகளில் நெட்டுயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. அதற்கு முன் பெயர் என்ற சொல் ‘நாமெ’ என்பதுபோலவும், நேரம் என்ற சொல் ‘டீமெ’ என்பதுபோலவும் ஒலித்தன. வாய் ‘நேம்’, ‘டைம்’ என்று நகர்ந்துவிட்டது, எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இது போதாதென்று படித்தவர்கள் லத்தீன் பற்றில் சில எழுத்துகளைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் உள்ள பி அப்படி வந்ததுதான், யார் வாயிலும் அது ஒலிப்பதில்லை. பழைய கவிதைகளில் லவ், ப்ரூவ் ஜோடியாக வருவதைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. அந்தக் காலத்து வாயில் அவை நெருங்கி ஒலித்தன. இன்று அது கண்ணுக்கு மட்டும் ரைம். புதிதாக எழுதும் வரியில் வேண்டாம்.

பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா?

ஒரு வரிக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், அதுதான் முக்கியம். இஸ்திரிப் பெட்டி பிரிட்டிஷ் வாயில் ‘ஐயன்’, சிங்கத்தைக் குறிக்கும் ‘லயன்’ உடன் கச்சிதமாகச் சேரும். அமெரிக்க வாயில் அதில் ஆர் ஒலிக்கும், ரைம் கெடும். கிளார்க் லண்டனில் பார்க்குடன் சேரும், நியூயார்க்கில் ஜெர்க்குடன் சேரும். கடைசி எழுத்து அவர்களுக்கு ‘ஸீ’, நமக்கும் பிரிட்டனுக்கும் ‘ஸெட்’. ஸ்காட்லாந்தில் சிலர் ஐ-ஆர், இ-ஆர், யூ-ஆர் மூன்றையும் வேறுபடுத்திச் சொல்வார்கள். ஷர்ட், ஹர்ட் ஜோடியே அங்கே ஆட்டம் காணும்.

இணையத்தில் ரைம் தேடித் தரும் கருவிகள் பலவற்றின் அடியில் இருப்பது அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது, முழுக்க வட அமெரிக்க உச்சரிப்பு. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் ரைம் பார்ப்பது கணக்குப் போடுவதுபோல் ஆகிவிடும். உயிரொலி ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்றால் முதன்மை அழுத்தம், 2 என்றால் துணை அழுத்தம், 0 என்றால் அழுத்தம் இல்லை. இனிப்பான டெஸர்ட் அதில் ‘டி, ஐஎச்0, இசட், ஈஆர்1, டீ’ என்று இருக்கும். பாலைவனம் ‘டி, ஈஎச்1, இசட், ஈஆர்0, டீ’ என்று இருக்கும். 1 உள்ள இடத்திலிருந்து வால் வரை வெட்டி எடுங்கள். இனிப்பில் கிடைப்பது ‘ஈஆர்1, டீ’. ஷர்ட்டில் கிடைப்பதும் அதுவே. பாலைவனத்தில் வால் நீளமாக, வேறாக இருக்கும்.

ஆரஞ்சுக்கு ரைமே இல்லையாமே?

அன்றாடச் சொற்களில் இல்லை. வேல்ஸில் பிளாரென்ஜ் என்று ஒரு மலை இருக்கிறது, அதன் பெயர் பொருந்தும். பர்ப்பிளுக்கு நொண்டி நடப்பதைக் குறிக்கும் ஹர்ப்பிள் என்ற ஸ்காட்லாந்துச் சொல்லும், ஸில்வருக்குப் பெண் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘ச்சில்வர்’ என்ற பழஞ்சொல்லும் இருக்கின்றன. சட்டையைப் படிப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. நிறப்பெயரை வரியின் முடிவில் வைக்காமல் நடுவில் நகர்த்தினால் வேலை முடிந்தது. கடைசியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ரெட், ப்ளூ, பிங்க் இருக்கின்றன.

வரி சரி. இனி அதைச் சட்டையில் எப்படி வைப்பது?

ரைம் சொல் அச்சில் அடியின் முடிவில் நிற்க வேண்டும். ‘ஸாஃப்ட் ஆஸ் காட்டன், நெவர் ஃபர்காட்டன்’ என்ற வரியை அகலம் பற்றவில்லை என்று ‘நெவர்’ வரை மேலடியில் போட்டு, மீதியைக் கீழே இறக்கினால் காட்டன் நடுவில் புதைந்துவிடும், ரைம் கண்ணில் படாது. அகலம் பற்றாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், அடியை உடைக்காதீர்கள். பெரியவர் சட்டையில் நெஞ்சு அச்சின் அகலம் 10 முதல் 12 அங்குலம். அதற்கு மேல் போனால் ஓர எழுத்துகள் அக்குள் மடிப்பில் மறையும். கழுத்துப் பட்டிக்குக் கீழே சுமார் 3 அங்குலம் விட்டுத் தொடங்குங்கள். பெயர்ப்பலகைக்காரர்களின் கணக்குப்படி 10 அடி தூரத்தில் வசதியாகப் படிக்க 1 அங்குல உயரம் வேண்டும். ரைம் சொற்களுக்காவது அந்த உயரம் கொடுங்கள்.

எழுத்து இடைவெளியில் கவனம் தேவை. சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டினால் எம் ஆகத் தெரியும், சி, எல் ஒட்டினால் டி ஆகத் தெரியும். பெரிய எழுத்தில் எல், ஐ ஒட்டினால் யூ போலாகி, நல்ல சொல் கெட்ட சொல்லாகிவிடும். ஆர்ட்வொர்க்கைத் தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியாது.

அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேல் போடும் ஒற்றைக் குறி, அடுத்த பொறி. ‘நீ இருக்கிறாய்’ என்னும் சுருக்கத்துக்குக் குறி உண்டு, ‘உன்னுடைய’ என்பதற்குக் கிடையாது. அதுபோல ‘இட்ஸ்’ என்பதில் ‘அது இருக்கிறது’ என்றால் குறி, ‘அதனுடைய’ என்றால் குறி இல்லை. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் காது இங்கே உதவாது. விரித்துப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி. கோரல்ட்ரா போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கர்வ் (வெறும் வடிவம்) ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்தி வேலை செய்யாது. ஆகவே பிழை பார்த்த பிறகே கர்வ் ஆக்குங்கள். பிழை பார்க்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். நேராகப் படித்தால் ரைம் இழுத்துக்கொண்டு போய்விடும், கண் பிழையைத் தாண்டிவிடும்.

ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். கோடுகள் குறைந்தது 1 பாயின்ட், அதாவது சுமார் 0.35 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். நிறப்பட்டைக்குள் எழுத்தைக் காலியாக விடுவதானால் 2 பாயின்ட் கொடுங்கள், மை பரவி இடைவெளியை அடைக்கும். இ, ஏ எழுத்துகளின் சிறு துளைகள்தான் முதலில் அடைபடும். கறுப்புத் துணியில் வேறு நிறம் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை அடிக்க வேண்டும். சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மையானால் மையின் முழுக் கனமும் சுமார் 160 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். மேல்பரப்பு மட்டும் சூடாகி உள்ளே வேகாமல் இருந்தால், தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், துணியை இழுத்ததும் எழுத்து வெடிக்கும். ஆறிய பிறகு இழுத்துப் பார்த்தே லாட்டைத் தொடங்குங்கள். சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து சில நாளில் ரோஸ் ஆனால் மை மட்டமானது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். துணியின் சாயம் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறியிருக்கும். அதைத் தடுக்கும் மை தனியாக உண்டு. சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் ஸப்ளிமேஷன் முறை பாலியஸ்டருக்கு மட்டும், அதுவும் வெளிர் துணிக்கு. பருத்தியில் செய்தால் சலவையில் வெளுத்துவிடும்.

வெட்டிச் சூட்டில் ஒட்டும் வினைல், ஸப்ளிமேஷன், ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் மூன்றிலும் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். சட்டையில் நேரடியாக அச்சிடும் டிடிஜியில் திருப்பக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, எச், ஐ, எம், ஓ, டீ (டீ ஷர்ட்டின் முதலெழுத்து), யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும். ‘வாவ்’ என்று பெரிய எழுத்தில் சோதனை அச்சு எடுத்தால் திருப்ப மறந்தது புலப்படாது. ஆகவே ஸ்ட்ரைக்-ஆஃப் என்னும் இந்தச் சோதனை அச்சு எடுக்கும்போது ஆர் அல்லது எஸ் உள்ள சொல்லாக எடுங்கள், ‘ஷர்ட்’ என்ற சொல்லில் இரண்டுமே இருக்கின்றன. அந்த ஒரு சட்டையை உள்வெளியாகத் திருப்பி மூன்று முறை துவைத்து, ஓரம் உரியவில்லை, எழுத்து வெடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, வரியை அதற்கு முன் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தச் சொல்லை மாற்ற அப்போதும் நேரம் இருக்கிறது.